போட்டியும் ஃபியட்டும்

மார்ச் 3, ஞாயிறு

புது அடுக்ககத்தில் வீட்டுக்கு ஒரு கார்தான் நிறுத்தலாமாம். சங்கச் செயலாளர் கையை விரித்துவிட்டார். எங்களிடம் இருப்பதோ இரண்டு. என் அம்பாசிடர், சரோஜினியின் ஃபியட். இரண்டுமே எண்பத்து நாலாம் வருஷத்து வண்டிகள். ஜூன் மாதம் குடிபோவதற்குள் ஒன்றை விற்றாக வேண்டும்.

எதை விற்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் போய் "உன் வண்டியை விற்றுவிடு" என்று சொன்னால் மிச்ச காலம் முழுக்க ரசத்தில் உப்பு இருக்காது. எனவே முறைப்படி ஒரு போட்டி வைப்பதென்று தீர்மானித்தேன். வேகம், ஓசை, மைலேஜ், இடவசதி, மலையேற்றம் என்று ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தோற்ற வண்டி விற்கப்படும். நடுவர் என் மைத்துனன் நாச்சிமுத்து. சரோஜினியின் தம்பிதான், ஆனால் ரிட்டயர்டு சர்வேயர். அளவு விஷயத்தில் பொய் சொல்லமாட்டான்.

எண்களைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். அம்பாசிடர் எஞ்சின் 1489 சி.சி., ஃபியட் 1089. நானூறு சி.சி. வித்தியாசம். ஒரு புல்லட்டின் எஞ்சினுக்கு மேலேயே எனக்குக் கூடுதல். எடையில் என் வண்டி ஆயிரத்து நூறு கிலோவைத் தாண்டும், அவளுடையது தொள்ளாயிரத்தை ஒட்டி. என்னுடையது கார். அவளுடையது காரைப் போன்ற ஒன்று.

சரோஜினி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. பேங்க்கில் வேலை பார்த்தபோது தன் சம்பளத்தில் கடன் கட்டி வாங்கிய வண்டி. பொள்ளாச்சி கிளைக்குத் தினமும் தானே ஓட்டிப் போனாள். அப்போது எங்கள் வீதியில் கார் ஓட்டிய ஒரே பெண்பிள்ளை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துக் குங்குமம் வைப்பாள். "தோத்தா வித்துப்போடோணும், அதுதானுங்களே விதி? சரிங்க" என்றாள். தம்பியைப் பார்த்து வேறு லேசாகச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தோத்தா அழமாட்டீங்கள்ள?" என்று கேட்டாள்.

நான் அழுவதாவது.

மார்ச் 5, செவ்வாய்

காலிங் பெல் மறுபடியும் வேலை செய்யவில்லை. சரோஜினி கடைக்குப் போயிருந்த நேரம் கேஸ் கொண்டுவந்தவர் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். பெல்லைக் கழற்றிச் சோதித்தேன். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் மட்டம்தான். இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

மார்ச் 9, சனி

வேகப் போட்டி. காலையில் நீலாம்பூர் பைபாஸ் பக்கம் ஆளில்லாத துண்டுச் சாலை ஒன்றில் வைத்தோம்.

ஃபியட்டுக்குப் புள்ளி போய்விட்டது. இதில் ஓர் அநியாயம் நடந்தது, அதைப் பதிவு செய்கிறேன். நாச்சிமுத்து சாலையோரம் நின்று "ஒன், டூ, த்ரீ" சொல்ல வேண்டியது. சொன்னேன் என்கிறான். எங்கே சொன்னான்? தொண்டைக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். சரோஜினி வண்டி கிளம்பிப் புழுதி கிளம்பிய பிறகுதான் ஆரம்பித்துவிட்டது என்றே எனக்குத் தெரிந்தது. "இன்னொருக்கா வெப்பமா, மச்சான்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஒரு புள்ளிக்காக அலைகிறவன் நானில்லை. அடுத்த தடவை கைக்குட்டையை ஆட்டச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று ஓசை. இது என் மைதானம். முப்பத்திரண்டு வருஷம் நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவன். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒரே நேரத்தில் சுற்றும் ஷெட்டில், பேசினால் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காத இடத்தில், எந்த வரிசையில் எது பிசகுகிறது என்று நடந்துகொண்டே காதாலேயே சொல்வேன். பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொள்ளச் சொல்லி மேனேஜ்மெண்ட் சுற்றறிக்கை விட்டது. காதை அடைத்துக்கொண்டால் அப்புறம் மாஸ்டர் எதற்கு?

இரண்டு வண்டியையும் வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டோம். ஃபியட் கொஞ்சம் முனகியது. என் வண்டியோ பூனை மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அமைதியாக அது ஓடி நான் கண்டதில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்திக் காட்டினேன். அப்போதும் அதே அமைதி. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டார். வெயில் பொறுக்காது போலிருக்கிறது. வீதி நாய்கள் எங்கோ ஓடின.

"புள்ளி எனக்குத்தானே?" என்று கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானே எழுதிக்கொண்டேன்.

மார்ச் 14, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் கோகிலவாணி பேசினாள். அங்கே டவர் சரியில்லை, ஒன்றும் விளங்கவில்லை. ஃபோனைச் சரோஜினியிடம் கொடுத்தேன். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவளுக்கு மட்டும் எப்படி டவர் கிடைக்கிறதோ.

மார்ச் 17, ஞாயிறு

மைலேஜில் ஃபியட். அதில் நான் வாதாடவில்லை. என் வண்டி கொஞ்சம் குடிக்கும். பெரிய உடம்பு, பசி இருக்கத்தானே செய்யும்?

இடவசதியில் அம்பாசிடர். இதில் அவர்களும் வாதாடவில்லை. முன்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் நான்கு பேர், டிக்கியில் ஒரு கல்யாணத்துச் சமையல் பாத்திரம். கோகிலவாணி பிரசவத்துக்கு வந்தபோது பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஃபியட்டில் படுக்க வேண்டுமென்றால் ஆளை மடிக்க வேண்டும்.

ஆக, இரண்டுக்கு இரண்டு. அடுத்த சனிக்கிழமை கோத்தகிரி மலைப்பாதையில் தீர்ந்துவிடும்.

இன்று ரசம் பிரமாதம்.

மார்ச் 23, சனி

வெற்றி. இதை ஆற அமர எழுத வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினோம். நான் முன்னால், என் பக்கத்தில் நாச்சிமுத்து. பின்னால் சரோஜினி. என் வண்டி இரண்டாவது கியரில் ஏறிய அழகை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. பின்னாலிருந்து சரோஜினி ஹெட்லைட்டை மினுக்கிக்கொண்டே வந்தாள். தோல்வி பயம். நாச்சிமுத்து என்னவோ சொன்னான். "ஆமா மாப்ள, நல்ல குளிரு" என்றேன். அவன் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று திடீரென்று பக்கத்தில் முளைத்து என்னை உரசிக்கொண்டு முந்தியது. என் சைடு கண்ணாடி போயிற்று. ஹாரன் இல்லை, ஒன்றும் இல்லை. என்ன டிரைவரோ. மேலே பஸ் ஸ்டாண்டில் அதன் கண்டக்டர் இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கத்தினார். காதைத் தொட்டுக் காட்டினார், தலையைத் தொட்டுக் காட்டினார். எனக்குத் தலைக்கனமாம். அவருடன் எனக்கென்ன பேச்சு?

டீக்கடையில் பெரிய கூட்டம். அடுப்பு இரைச்சல் வேறு. சரோஜினியின் கையில் டீ கிளாஸ் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஸ்வெட்டர் எடுத்து வரச் சொன்னேன், கேட்டால்தானே? அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னாள்:

"பியட்ட வித்துரலாமுங்க."

எனக்கு நம்ப முடியவில்லை. "என்ன?" என்று கேட்டேன். பக்கத்தில் வந்து இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். தோல்வியை இவ்வளவு கண்ணியமாக ஒப்புக்கொள்கிறவர்கள் அதிகம் இல்லை. "சரி சரோசா, உன் இஷ்டம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், டீக்கடையில், அத்தனை பேருக்கு முன்னால்.

இறங்கும்போது நாச்சிமுத்து என் வண்டியில் ஏறவில்லை. அக்காவுக்குத் துணை என்றான். ரொம்ப மெதுவாகத்தான் இறங்கினோம்.

மூன்றுக்கு இரண்டு. அம்பாசிடர் இருக்கிறது.

மார்ச் 25, திங்கள்

திருப்பூரில் ராக்கியப்பன் என்று ஒருவர். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், பழைய கார்களைச் சேர்க்கிறார். ஃபோனில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பதால் வாட்ஸப்பிலேயே படம் அனுப்பிப் பேச்சை முடித்தேன். வெள்ளிக்கிழமை வருகிறார். வண்டிப் பதிவு என் பெயரில்தான் இருக்கிறது. வாங்கிய அன்று ஷோரூமில் என் முன்னால்தான் காகிதத்தை வைத்தார்கள், நான்தான் கையெழுத்துப் போட்டேன். எனவே சிக்கல் ஒன்றும் இல்லை.

ஆனாலும் கேட்டுக்கொள்வது மரியாதை. "கோத்தகிரியில சொன்னது சொன்னதுதானா, சரோசா?" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "ஆமாங்க. அதுல மாத்தமே இல்லீங்க. இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்குது."

நிம்மதியாம். இவ்வளவு பெரிய மனசு இவளுக்கு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மார்ச் 29, வெள்ளி

காலையில் ஃபியட்டைத் துடைத்துக் குங்குமம் வைத்துவிட்டுச் சரோஜினி பேரூர் கோயிலுக்குப் பஸ்ஸில் போனாள். அவள் இல்லாதபோதே காரியம் முடிவதுதான் அவளுக்கும் நல்லது என்று நினைத்தேன். வண்டி போவதைப் பார்க்க வேண்டாமே. ராக்கியப்பன் சொன்ன நேரத்துக்கு வந்தார், நல்ல மனிதர், ஓட்டிக்கொண்டு போனார்.

விபூதிப் பொட்டலத்துடன் திரும்பிய சரோஜினி ஷெட்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ற வண்டி எங்கீங்க?"

இது நன்றாகவே கேட்டது. வீதிக்கே கேட்டிருக்கும்.

"திருப்பூருக்குப் போயிருச்சு. நீதானே சொன்னே, பியட்ட வித்துரலாம்னு?"

அவள் அப்படியே ஷெட்டுத் தரையில், எண்ணெய்க் கறை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"போட்டிய. விட்டுரலாம்னு. சொன்னனுங்க."

போட்டியை விட்டுவிடலாம். ஃபியட்டை விற்றுவிடலாம். எங்கே போட்டி, எங்கே ஃபியட்? "பேச்ச மாத்தாதே, இது மாஸ்டரோட காது" என்றேன். திரும்பி நடந்தபடி அவள் ஏதோ சொன்னாள். அவள் முதுகுதான் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை.

மார்ச் 30, சனி

வீட்டில் பேச்சில்லை. ஆனால் வேளாவேளைக்குச் சோறு வந்தது. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

பொழுது போகாமல் அம்பாசிடருக்கு ஆயில் மாற்றலாம் என்று அடியில் படுத்தேன். சைலன்சரில் ஓட்டை. ஓர் எலுமிச்சம்பழம் உள்ளே போகும். போன வாரம் மலையில் கல் பட்டிருக்கும் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பெல்லாம் துரு ஏறியிருந்தது. மேல் தகடு முழுக்கக் கரி அப்பியிருந்தது. மாதக் கணக்கான ஓட்டை.

நாச்சிமுத்துவை வரவழைத்தேன். குரலைத் தூக்கிப் பேசச் சொன்னேன்.

"மாப்ள, இது எப்ப இருந்து?"

"தீவாளிக்கு முந்தியே இருந்து, மச்சான். வண்டி வீதி திரும்பறப்பவே எல்லாருத்துக்கும் தெரிஞ்சுரும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனுங்க. அக்காளும் சொல்லுச்சு. நீங்க காலிங் பெல்லு ரிப்பேருன்னீங்க, டவர் இல்லைன்னீங்க, எங்க வாய்தான் சரியில்லைன்னீங்க. என்னத்தச் சொல்றது?"

எஞ்சினை ஓடவிடச் சொல்லிப் பின்னால் போய்க் குந்தினேன். ஓட்டையருகே கையை வைத்தேன். சூடான காற்று உள்ளங்கையில் அறைந்தது. தரை அதிர்ந்தது கால் வழியாகத் தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. என் காதுக்கோ பூனைதான் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

அந்தப் பஸ்காரர் ஹாரன் அடித்திருப்பார். விடாமல் அடித்திருப்பார். சரோஜினி விளக்கை மினுக்கியது எதற்கென்றும், டீ கிளாஸ் ஏன் நடுங்கியதென்றும் இப்போது தெரிகிறது. பக்கத்தில் அவள் தம்பி இருந்தான், பின்னாலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது. மில் ஷெட்டில் நான் இப்படிப் பயந்ததே இல்லை.

சரி. தவறான அளவை வைத்து எழுதிய புள்ளி செல்லாது. மில்லிலும் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான். திருத்தி எழுதுகிறேன். ஓசை: ஃபியட். மலையேற்றம் அம்பாசிடருக்கே இருந்துவிட்டுப் போகட்டும். அப்படியும் ஃபியட் மூன்று, அம்பாசிடர் இரண்டு. தோற்ற வண்டி விற்கப்படும் என்று விதி செய்தவன் நான்தான்.

மார்ச் 31, ஞாயிறு

"திருப்பூருக்குக் கிளம்பு" என்று சரோஜினியிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. அம்பாசிடர் சாவியை நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டு நான் இடப்பக்கம் ஏறினேன். அவள் அதைப் பார்த்தாள். பின்சீட்டில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

ராக்கியப்பனிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஊரெல்லாம் கூப்பிட்டு வண்டியக் காட்டிப்போட்டனுங்களே. மறுக்கா வெறும் ஷெட்ட எப்பிடிங்க காட்டறது?" என்றார்.

"வெறும் ஷெட்டு வேண்டாம். ஃபியட்டுக்குப் பதிலா இதை எடுத்துக்குங்க" என்று அம்பாசிடரைக் காட்டினேன். 1489 சி.சி., முன்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் கல்யாணப் பாத்திரம் என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். சைலன்சர் ஓட்டையையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய ஷெட்டில் ஏற்கெனவே இரண்டு ஃபியட் நின்றனவாம். அம்பாசிடர்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். பார்த்தீர்களா, தோற்ற பிறகும் எதற்கு மதிப்பு என்று.

சரோஜினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, வேண்டாமுங்க. உங்க வண்டிங்க" என்றாள். "விதின்னா விதிதான்" என்றேன். பானெட்டை ஒரு தடவை தட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நின்றால் சரிப்படாது.

திரும்பும்போது ஃபியட்டை அவள் ஓட்டினாள். நாச்சிமுத்து பின்சீட்டில் ஏறியதும் தூங்கிவிட்டான். நான் அவள் பக்கத்தில். இந்த வண்டியில் நான் இடப்பக்கம் உட்கார்ந்து எத்தனை வருஷமோ. முழங்கால் இடித்தது, தோளும் தோளும் உரசின. அவிநாசி தாண்டிய பிறகு அவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அழுதுட்டீங்களா?"

"தூசி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் கேட்டது, தெளிவாகக் கேட்டது. அம்பாசிடரில் அவள் பேசியது ஏன் எனக்கு எட்டவே இல்லை? வீடு வந்ததும் டேப்பை எடுத்து ஃபியட்டை அளந்தேன். எனக்கு மனப்பாடமான அம்பாசிடர் அளவை விட முழுதாக ஒரு சாண் அகலம் குறைவு. என் வண்டியின் முன்சீட்டில் அவள் அந்தக் கோடியில் உட்காருவாள், நான் இந்தக் கோடியில். நடுவில் இன்னோர் ஆளுக்கு இடம். அதைப் போய் இடவசதி என்று புள்ளி போட்டிருக்கிறேன்.

ஆறாவதாக ஓர் அம்சம் சேர்த்திருக்க வேண்டும். பக்கத்து ஆள் பேசுவது கேட்கும் தூரம். அதில் ஃபியட்டை அடிக்க வண்டியே இல்லை. இதையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

காது டாக்டர். கருவி வைக்க வேண்டுமாம். மில் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். வண்டிக்குப் பனி விளக்கு மாட்டிக்கொள்வது போல உபரியாக ஒரு சாமான், அவ்வளவுதான். சரோஜினி சொன்னாள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

கருவி வந்துவிட்டது. காலிங் பெல் நன்றாகத்தான் அடிக்கிறது. பழையதும் நல்ல பெல்தான், தூக்கிப் போட்டிருக்க வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

அடுக்ககத்துக்கு வந்து ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் இடத்தில் ஃபியட் நிற்கிறது. பக்கத்து இடத்தில் செயலாளரின் புது வண்டி. ஆட்டோமேட்டிக்காம், அவரே சொல்லிக்கொண்டார். ஃபியட்டைப் பார்த்து, "இது இன்னும் ஓடுதுங்களா?" என்று வேறு கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எண்களை எல்லாம் எடுத்துவிட்டேன். 1089 சி.சி., ஸ்டீயரிங்கோடு கியர், குறுகின வளைவிலும் ஒரே திருப்பில் திரும்பும் லாகவம். "அடுத்த சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வாங்க, கோத்தகிரி வரைக்கும் ஒரு கை பார்த்துடலாம். எங்க வீட்டம்மா ஓட்டுவாங்க" என்றேன். செயலாளர் சிரித்தபடி லிஃப்டுக்குள் புகுந்துகொண்டார்.

டிக்கியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டிருந்த சரோஜினி, நிமிராமலேயே சொன்னாள்.

"போட்டிய விட்டுரலாமுங்க."

போட்டியைத்தான். விட்டுரலாம்தான். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் கேட்டது. ஆனாலும் அவள் அருகே போய், "என்ன?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், சிரித்தாள், இன்னொரு தடவை சொன்னாள்.